டிங்கர் வேலையும்

அதைக் கீழ வைங்க சார், கையைக் கீறிடும். இப்பத்தான் வெட்டின தகடு, ஓரமெல்லாம் கத்தி. துரு வேற. அப்புறம் ஊசி போட ஓடணும். இப்படி மேசை மேல வைங்க. ஆங். கை துடைக்கத் துணி அங்க தொங்குது பாருங்க. ஐயோ, அது இல்ல, அது தின்னர்ல நனைச்சது. அதுக்குப் பக்கத்துல.

உக்காருங்க. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, சுவத்தோரமா நகத்திப் போட்டீங்கன்னா ஆடாது. ஊர் வண்டிக்கெல்லாம் நெளிவு எடுக்கறேன், என் ஸ்டூலுக்கு ஒரு கால் வைக்க நேரம் கிடைக்கல.

எவ்வளவு ஆகும்னு கேட்டீங்கல்ல, சொல்றேன். ஆனா ஒண்ணு சார், வெளிய நின்னு பாத்துட்டுத் துருவுக்கு ரேட் சொல்றவனை மட்டும் நம்பாதீங்க. வெளிய பாத்தா ஒரு கொப்புளம், கட்டைவிரல் அகலம் இருக்கும். ஸ்க்ரூடிரைவரை வச்சு லேசா அழுத்தினா பொதுக்குன்னு உள்ள போகும். உள்ள ஒரு முழத்துக்கு இரும்பே இருக்காது, பெயிண்ட் மட்டும் தனியா நின்னுக்கிட்டு இருக்கும். உங்க முதலாளி வண்டியும் அப்படித்தான். காலையில நீங்க கொண்டாந்து விட்டப்ப ரெண்டு பக்கமும் கதவுக்குக் கீழ நாலஞ்சு கொப்புளம்தான். வலது பக்கத்தை வெட்டினதும் நீங்களே பாத்தீங்க, உள்ள கையை விட்டா அப்படியே பொடிப்பொடியா அள்ளலாம்.

மூணு விதமா பண்ணலாம். மேலாக்கச் சொரண்டிட்டு, ஓட்டையில வலை வச்சு, பட்டி பூசி, தேச்சு, பெயிண்ட் அடிச்சுக் குடுத்தா எட்டாயிரத்துல முடிஞ்சிடும். பாக்க ஜோரா இருக்கும். ஒரு மழைக்காலம் தாங்கும். அடுத்த மழைக்காலத்துல நீங்களும் நானும் இதே மாதிரி உக்காந்து பேசிட்டிருப்போம். ரெண்டாவது, அழுகினதை மட்டும் வெட்டி எடுத்துட்டு, அளவா தகடு வளைச்சு வெல்டிங் வைக்கறது. ரெண்டு பக்கமும் சேத்து பதினெட்டு, பெயிண்டோட இருபத்தாறு. மூணாவது, முன் சக்கரத்துல இருந்து பின் சக்கரம் வரைக்கும் கதவுக்குக் கீழ ஓடற அந்த இரும்புப் பெட்டியையே கழட்டிட்டுப் புதுசு. அது நாப்பதைத் தாண்டும். உங்க வண்டிக்கு ரெண்டாவது போதும். காசு புடுங்கணும்னு நினைச்சிருந்தா மூணாவதைச் சொல்லியிருப்பேன்.

ம்? ஆமா சார். பதிமூணு மாசம் முன்னாடி இதே இடத்துல இதே வேலைதான் பாத்தோம். மறக்கல. தகடு வச்சது நான், பெயிண்ட் அடிச்சது பக்கத்து ஷெட்டு. அதனாலதானே இப்ப என்கிட்ட வந்திருக்கீங்க. பதிமூணு மாசத்துல ஏன் இப்படி ஆச்சுன்னு கேக்கறீங்க. நியாயமான கேள்விதான்.

உங்க கம்பெனி புகார்ப் பேப்பரைக் குடுங்க, ஃபேன் காத்துல பறக்குது. இதைத் தூக்கி மேல வைப்போம். இதா? இதுவும் ஒரு கார் தகடுதான், பயப்படாம எடுங்க, ஓரத்தைத் தேச்சு வச்சிருக்கேன். திருப்பிப் பாருங்க. செகப்பா இருக்குல்ல? நடுவுல பாருங்க. வெளிச்சத்துப் பக்கமா சாய்ச்சுப் பாருங்க. தெரியுதா? ஆமா, கட்டைவிரல் ரேகை. என்னுதுதான்.

ஒரு தகட்டை வெல்டிங் வைக்கறதுக்கு முன்னாடி அதோட முதுகுல, அதாவது வண்டிக்கு உள்ள போற பக்கத்துல, துரு புடிக்காம இருக்க ரெட் ஆக்ஸைடு ரெண்டு கோட்டு அடிப்பேன். ரெண்டாவது கோட்டு காயறதுக்குள்ள நடுவுல கட்டைவிரலை வச்சு ஒரு அழுத்து. அவ்வளவுதான். மூடிட்டோம்னா அப்புறம் அது யார் கண்ணுலயும் படாது, வண்டிக்காரனுக்கே தெரியாது. கிறுக்குத்தனம்னு வச்சுக்கோங்க. படம் வரையறவன் ஓரத்துல பேரு எழுதறான்ல, அந்த மாதிரி. இது இருந்த வண்டி பதினோரு வருஷம் ஓடிச்சு. கடைசியில ஒரு லாரி மோதி நசுங்கி, பழைய இரும்புக்குப் போச்சு. கேள்விப்பட்டு ஓடிப் போயி, நசுக்கறதுக்கு முன்னாடி நானே வெட்டி எடுத்துட்டு வந்தேன். பதினோரு வருஷம் சார். எத்தனை மழை, எத்தனை சேறு. ரேகை கூட அழியல.

சரி சரி, பெருமை பேசினது போதும். உங்க பேப்பருக்கு வருவோம். குறைக்கான காரணம்னு கேக்குது. பெயிண்டிங்னு நீங்களே எழுதிட்டீங்க. வேலை செய்தவர் பெயர். அதுலயும் பக்கத்து ஷெட்டுப் பெயிண்டர் பேரை எழுதிட்டீங்க. அழகான கையெழுத்து சார் உங்களுக்கு. ஆமா, நானும் திறந்து பாத்தேன், அப்படித்தான்னு கீழ ஒரு கையெழுத்து நான் போட்டுட்டா உங்க கம்பெனியோட மத்த பதிமூணு வண்டியும் அவன் ஷெட்டுக்குப் போகாது. அதானே? முதலாளி வண்டியே கொப்புளிச்சா மத்ததை எப்படி நம்பி விடுவீங்க. உங்க மேல தப்பு இல்ல. அந்தப் பதிமூணு வண்டியை நம்பித்தான் அவன் பின்னாடி இருந்த ஷெட்டையும் சேத்து எடுத்தான், ரெண்டு ஆளை வேற வேலைக்கு வச்சான். அது அவன் பாடு. போடறேன், குடுங்க பேனாவை. இருங்க, கையெல்லாம் கிரீஸு, பேப்பர் அழுக்காயிடும். கழுவிட்டுப் போடறேன். அவசரம் ஒண்ணும் இல்லையே?

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்லிடறேன். அந்தப் பெயிண்டர் வேற யாரும் இல்ல, என் தங்கச்சி புருஷன். இந்தத் தெருவுல அவனை யாரும் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. கண்ணாடிம்பாங்க. அவன் பெயிண்ட் அடிச்ச கதவு முன்னாடி நின்னு தலை சீவலாமாம். என்னை என்ன சொல்லிக் கூப்பிடறாங்க தெரியுமா? டொக்கு. நாள் பூரா டொக்கு டொக்குன்னு தட்டறேனாம். அவன் கண்ணாடி, நான் டொக்கு. அவனை விட அஞ்சு வயசு மூத்தவன் சார் நான். சிரிங்க, பரவாயில்ல. எல்லாரும் சிரிக்கறதுதான்.

அவனை இந்த வேலைக்குக் கூட்டிட்டு வந்ததே நான். அப்ப ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடிச்சிட்டிருந்தான். கையில நிதானம் இருந்துச்சு, வாய்ல ஒரு பாட்டு இருந்துச்சு, நல்ல பையனாத் தெரிஞ்சான். கூட்டிட்டு வந்து ஸ்ப்ரே கன்னை வாங்கிக் கையில குடுத்தேன், தங்கச்சியையும் கட்டிக் குடுத்தேன். அப்ப இது ஒரே ஷெட்டு. நடுவுல இந்தத் தகரச் சுவரு கிடையாது. தூசி பறந்து பெயிண்ட்ல ஒட்டுதுன்னு அவன்தான் கேட்டான். நான்தான் அடிச்சுக் குடுத்தேன். என் சுவத்தை நானே கட்டிக்கிட்டேன்.

நான் முடிச்ச வண்டியை எப்பவாவது பாத்திருக்கீங்களா? பாத்திருக்க மாட்டீங்க, யாரும் பாக்கறதில்ல. அங்கங்க ஒட்டு, வெல்டிங் தழும்பு, மேல பட்டி பூசி மஞ்சளும் சாம்பலுமா சொறி புடிச்ச மாதிரி நிக்கும். வண்டிக்காரன் பாதியில எட்டிப் பாத்தான்னா முகமே செத்துடும். என்னப்பா வண்டியை இப்படி ஆக்கிட்டன்னு என்கிட்ட கேப்பான். அதே வண்டி அந்தப் பக்கம் போயி நாலு நாள் கழிச்சு வெளிய வரும். அப்ப அவனுக்கு வாயெல்லாம் பல்லு. கையைப் புடிச்சுக் குலுக்குவான், போட்டோ எடுப்பான். யாரு கையை? கண்ணாடி கையை. நான் இங்க ஓரமா நின்னு பாத்துட்டிருப்பேன். பின் கண்ணாடியில அவன் பேரும் ஃபோன் நம்பரும் போட்ட ஸ்டிக்கர் வேற. உங்க வண்டியிலயும் இருக்கு, போயிப் பாருங்க. இந்த ஊர்ல எந்த சிக்னல்ல நின்னாலும் முன்னாடி ஒரு வண்டியில அவன் பேரு நிக்குது சார். அந்த வண்டியில என் பேரும் இருக்கு. ஆனா அது தெரியணும்னா வண்டியை வெட்டணும்.

போர்டு பாத்தீங்களா, உள்ள வர்றப்ப? பாக்காம எப்படி, ராத்திரியில ஊருக்கே வெளிச்சம் குடுக்கற மாதிரி லைட்டு போட்டு வச்சிருக்கான். பழைய போர்டுல டிங்கரிங், பெயிண்டிங்னு ரெண்டும் ஒரே அளவு. புது போர்டு அவனே எழுதினான். முழுக்க கார் பெயிண்டிங், பதினாலு இன்ச் எழுத்து. கடைசியில கீழ, கேட்டு திறந்தா மறைஞ்சு போற இடத்துல, இங்கு டிங்கர் வேலையும் செய்யப்படும். மூணு இன்ச். ஏணி போட்டு ஏறி ஸ்கேல் வச்சு அளந்தேன். தங்கச்சி கீழ இருந்து பாத்துட்டா. என்ன அண்ணா பண்றன்னா. ஆணி லூசா இருக்கு, இறுக்கறேன்னு சொன்னேன். இடம் பத்தலையாம், அவ சொன்னா.

எழுத்து சின்னதா இருந்துட்டுப் போகட்டும் சார். வேலையும். அந்த உம் இருக்கே, அதான். டிங்கர் வேலை செய்யப்படும்னு எழுதியிருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு எழுத்து மிச்சமும் ஆயிருக்கும், இடம் பத்தலைன்னு வேற சொல்றாங்கல்ல. வேலையும்னா என்ன அர்த்தம்? கடையில சாமான் வாங்கறப்ப, கட்டறதுக்குக் கயிறும் இருக்குங்கற மாதிரி. நான் இல்லாம அவன் எது மேல சார் பெயிண்ட் அடிப்பான்? ஓட்டை மேலயா? இத்தனை வருஷமா இந்த வீட்டுல, இந்தத் தொழில்ல, நான் ஒரு உம். சாப்பிடக் கூப்பிட்டா மாப்பிள்ளையைக் கூப்பிடு, அவனையும் கூப்பிடு. அப்படித்தான்.

வீட்டுலன்னதும் ஞாபகம் வருது. எங்கம்மா என் கூடத்தான் இருக்கு. மூட்டு வலிக்கு மாத்திரை வாங்கிக் குடுக்கறது நான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது நான். ஆனா மாப்பிள்ளை வர்ற சத்தம் கேட்டா மூட்டு வலி எங்க போகுதுன்னே தெரியாது. எழுந்து போயி ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைக்கும். அம்மாகிட்ட ஒரு பழைய பீரோ இருக்கு, இரும்பு பீரோ. அடித்தட்டு துருப்பிடிச்சு உதிர்ந்து, வச்ச துணியெல்லாம் கறை. கதவு வேற தொங்கிடுச்சு. மூணு நாள் சார். மூணு நாள் வேலையை விட்டுட்டு வீட்டுல உக்காந்து, அடியை முழுசா வெட்டிட்டுப் புதுத் தகடு வச்சேன், கீல் மாத்தினேன், கதவுல இருந்த நெளிவையெல்லாம் எடுத்தேன். முதுகு புடிச்சுக்கிச்சு. நாலாவது நாள் மதியானம் அவன் வந்தான். யாரோட வண்டிக்கோ அடிச்ச முத்து வெள்ளை மிச்சம் இருந்துச்சாம். பாடிக்கிட்டே ரெண்டு மணி நேரம் அடிச்சான். போயிட்டான்.

அன்னைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா வந்தாங்க. எங்கம்மா அவங்க கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி, பாருங்க, என் மாப்பிள்ளை புது பீரோவே பண்ணிக் குடுத்துட்டாருன்னு காட்டுது. நான் அங்கதான் நிக்கறேன், முதுகுக்குத் தைலம் தேச்சுக்கிட்டு. அந்தம்மா கதவைத் திறந்து மூடிப் பாக்கறாங்க. எவ்வளவு லேசா மூடுதுங்கறாங்க. லேசா மூடறது பெயிண்டா சார்? கீல்! நான் வாயைத் திறக்கறதுக்குள்ள எங்கம்மா சொல்லுது, இவனும் கூடமாட உதவி பண்ணினான்னு. இவனும்.

பொறாமைதான் சார். வேற பேரு வச்சு என்ன ஆகப்போகுது. எரியும், இந்த இடத்துல. அவன் பாடற பாட்டு சுவத்தைத் தாண்டி வரும், நல்லாத்தான் பாடறான், அதுக்கும் எரியும். என் வீட்டுக்காரி ஒரு நாள் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கிட்டே துணி மடிச்சா. அதுக்கு ரெண்டு நாள் அவகூடப் பேசல நான். என்ன தப்பு பண்ணினேன்னு அவளுக்கு இன்னி வரைக்கும் தெரியாது.

கழுவறேன் சார், கழுவறேன். சோப்பு தீந்துபோச்சு, இந்த மண்ணெண்ணெய்ல துடைச்சுக்கிட்டா சரியாயிடும். ஆமா, ஒண்ணு கேக்கணும்னு நினைச்சேன். மூணு வாரம் முன்னாடி நீங்க அவன் ஷெட்டுல வந்து சத்தம் போட்டீங்கல்ல, இங்க கேட்டுச்சு. தகரச் சுவருதானே. நீங்க பேசினதெல்லாம் கேட்டுச்சு, அவன் மெதுவா பேசினான், அதான் கேக்கல. என்னைப் பத்தி என்ன சொன்னான்? சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். தகட்டு வேலையில ஏதோ ஆயிருக்கும், மச்சானைப் போயிக் கேளுங்கன்னுதானே சொன்னான்? பின்ன? தப்பை இந்தப் பக்கம் தள்ளியிருப்பான். யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

என்ன?

திரும்பச் சொல்லுங்க சார். அப்படியே அவன் சொன்ன மாதிரி சொல்லுங்க.

தகட்டைத் திறந்தே பாக்க வேண்டாம், அது என் மச்சான் கை வச்சது, அதுல குறையே இருக்காது, தப்பு என்னுதாத்தான் இருக்கும். இதையா சொன்னான்? நீங்க ரெண்டு தடவை கேட்டும் இதையேதான் சொன்னானா?

பாருங்க. பாத்தீங்களா சார். இதுலயும் அவன்தான் நல்லவன். தப்பு பண்ணலன்னாலும் தலை குனிஞ்சு நின்னு நல்ல பேரு வாங்கிட்டான். எனக்கு அதைக் கூட விட்டு வைக்கல.

தண்ணி குடிக்கறீங்களா? நான் குடிக்கறேன்.

இப்படி வாங்க, ஒண்ணு காட்டறேன். இந்தச் சுவத்துல ஒரு ஆணி ஓட்டை இருக்கு, இதுல கண்ணை வச்சுப் பாருங்க. அந்தக் கம்பியில வரிசையா தொங்குது பாருங்க, சின்னச் சின்னத் தகடு. இருபது இருபத்தஞ்சு இருக்கும். ஒவ்வொண்ணு மேலயும் சாக்பீஸ்ல தேதி எழுதி, எந்த டின்னு, எந்தத் தின்னர்னு எழுதி வச்சிருக்கான். தினம் காலையில வந்ததும் எல்லாத்து மேலயும் தண்ணி ஊத்தறான். எதுல கொப்புளம் வருதுன்னு பாக்கறானாம். ஒண்ணுலயும் வரல. வராது. இருந்த பெயிண்டையெல்லாம் கொட்டிட்டுப் புது டின்னு வாங்கினான். காத்து அடிக்கற மிஷின்ல தண்ணி கோத்துக்குதோன்னு அதைப் பிரிச்சுப் போட்டிருக்கான். முந்தாநாள் இங்க வந்தான். இதோ, நீங்க உக்காந்திருந்த ஸ்டூல்லதான் உக்காந்தான். மச்சான், என் கையில என்னமோ போயிடுச்சு மச்சான், எங்கன்னு தெரியலன்னான். கையை இப்படித் திருப்பித் திருப்பிப் பாத்துக்கறான். பாட்டு நின்னு மூணு வாரம் ஆச்சு.

எனக்கு அப்ப எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. சந்தோஷமா இருந்துச்சு. சொல்லக் கூடாது, ஆனா இருந்துச்சு. அவன் போனதும் ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்லா சாப்பிட்டேன். தங்கச்சி ஃபோன் பண்ணி, அண்ணா, அவரு சரியாவே பேசறதில்ல, நீ கொஞ்சம் சொல்லுன்னு அழுதா. சொல்றேம்மான்னேன். என்னத்தைச் சொல்றது.

உங்க வண்டித் தகட்டை ஏன் சார் மறுபடி கையில எடுத்தீங்க. கீறிடும்னு சொன்னேன்ல. ம்? என்ன தேடறீங்க? ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு என்ன பாக்கறீங்க?

ரேகையா? அது… துரு தின்னிருக்கும் சார். பதிமூணு மாசம் ஆச்சுல்ல. தின்னிருக்கும்.

நல்லா திருப்பிப் பாருங்க. நடுவுல. கொஞ்சமாவது செகப்பு தெரியுதா? எங்கயாவது, ஒரு மூலையில? இல்லல்ல. துரு எவ்வளவு தின்னாலும் அங்கங்க ஒரு திட்டு செகப்பு ஒட்டிக்கிட்டு நிக்கும் சார். இருபத்தஞ்சு வருஷமா வெட்டறேன், எனக்குத் தெரியாதா. துரு ஒண்ணும் தின்னல. நான் அடிக்கவே இல்ல.

அந்த பீரோ சாயங்காலம் சொன்னேன்ல, அதுக்கு மறுநாள்தான் உங்க முதலாளி வண்டிக்குத் தகடு வச்சேன். வளைச்சு, அளவு பாத்து, எல்லாம் தயாரா இந்த மேசையிலதான் கிடந்துச்சு, முதுகைக் காட்டிக்கிட்டு. ரெட் ஆக்ஸைடு டின்னைத் திறந்து பிரஷ்ஷையும் கையில எடுத்துட்டேன். அந்தப் பக்கம் அவன் பாடிட்டிருந்தான். இவனும் உதவி பண்ணினான்னு எங்கம்மா சொன்னது காதுலயே நின்னுச்சு. நான் உள்ள அடிக்கறதைத்தான் எவனும் பாக்கறதில்லையே, அடிக்காம விட்டா யாரு பாக்கப்போறாங்கன்னு தோணுச்சு. டின்னை மூடிட்டேன். ஒரு டீ காசு கூட ஆகாது சார் அந்த ரெண்டு கோட்டுக்கு. மறந்துபோச்சுன்னு சொல்லலாம், நீங்களும் நம்புவீங்க. மறக்கல. மூடியைச் சுத்தியலால ரெண்டு தட்டு தட்டி இறுக்கி மூடினேன். டொக்கு டொக்குன்னு.

இடது பக்கம் வெட்ட வேண்டாம். அங்கயும் இதேதான்.

எப்படியும் ஒரு நாள் கொப்புளிக்கும், அப்ப எல்லாரும் பெயிண்டைத்தான் பாப்பாங்கன்னு தெரியும். அதுக்காகத்தான் விட்டேன். அவன் தலை குனிஞ்சு நிக்கறதை ஒரு தடவை பாக்கணும். பாத்துட்டேன். இந்த ஓட்டை வழியா மூணு வாரமா பாக்கறேன்.

வேண்டாம் சார், அவனைக் கூப்பிடாதீங்க. நானே அந்தப் பக்கம் போயிச் சொல்லிக்கறேன். கம்பியில தொங்கறதையெல்லாம் கழட்டச் சொல்லணும். வண்டி இங்கயே இருக்கட்டும், ரெண்டு பக்கமும் புதுசா வச்சுத் தரேன், அந்த இருபத்தாறும் என் செலவு. பெயிண்ட்டு அவன்தான் அடிக்கணும். அவனை மாதிரி அடிக்க இந்த ஊர்ல ஆள் கிடையாது, அதையும் எழுதிக்கோங்க.

கை கழுவியாச்சு. குடுங்க பேனாவை. முதல்ல இந்தப் பெயிண்டிங்கறதை அடிங்க. இதையும் அடிங்க, அவன் பேரை. நல்லா கோடு போட்டு அடிங்க. என்னது? அவர் பேரு இருக்கட்டும், பக்கத்துல உங்க பேரையும் எழுதிடறேங்கறீங்களா?

இல்ல சார். என் பேரையும் இல்ல. என் பேரை. மட்டும். இந்த ஒரு தடவை உம் வேண்டாம். டொக்குன்னு எழுதிடாதீங்க, எனக்குன்னு ஒரு பேரு இருக்கு. சொல்றேன், எழுதிக்கோங்க.